ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க சைட் முழிச்சிருக்குமா?

ஒரு சின்ன கற்பனை!

ராத்திரி ரெண்டு மணி. அரசு ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் தவிச்சுக்கிட்டு நிக்கிறார். உள்ளே மனைவிக்குப் பிரசவம். 'ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும், டோனர் யாராச்சும் இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டிருந்த ஆட்டோக்கார அண்ணன், உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். யூனிட் நடத்துற ரத்ததான வெப்சைட் பேரைச் சொல்றார். இவர் நடுங்குற விரலால் போனில் தட்டிப் பார்க்கிறார். திரையில் வருவது என்ன தெரியுமா?

'டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எரர்!'

அவ்வளவுதான். கோடிங்ல நீங்க புலியா இருக்கலாம். டிசைன் சூப்பரா இருக்கலாம். திறப்பு விழாவுக்கு பிரின்சிபால் வந்து ரிப்பன் வெட்டியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அதெல்லாம் எதுக்கு? சைட் திறக்கலை. மேட்டர் ஓவர்.

கற்பனைன்னு சொன்னேன் இல்லையா? பாதிதான் கற்பனை. மீதி என் சொந்த சோகம்.

நாங்க ஃபைனல் இயர் படிச்சப்போ, கிளாஸ் கிளாஸா ஏறி இறங்கி, கெஞ்சி, கலாய்ச்சு, ஆயிரத்து நானூறு பேரோட ரத்த வகையைச் சேர்த்தோம். முழுசா ரெண்டு மாசம். எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல ஏத்தி, ஒரு இலவச ஹோஸ்டிங்கில் சைட்டைப் போட்டோம். 'பைசா செலவில்லாம முடிச்சுட்டோம்ல' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு திரிஞ்சோம். செமஸ்டர் எக்ஸாம் வந்தது. ஒரு மாசத்துக்கு மேல யாரும் அக்கவுன்ட் பக்கம் எட்டிப் பார்க்கலை. லீவு முடிஞ்சு வந்து பார்த்தா, 'நீண்ட நாள் பயன்படுத்தாததால் உங்கள் கணக்கு நீக்கப்பட்டது' என்று ஒரு மெயில். பேக்கப்? எடுக்கலை. கையில் மிச்சம் இருந்தது ஒரு ரெஜிஸ்டர் நோட்டும், அதுல அறுநூறு பேரும்தான்.

அந்த வாரமே ஒரு போன் வந்தது. ஏபி நெகட்டிவ். ஹாஸ்டல்ல ரூம் ரூமா கதவைத் தட்டினோம். நல்லவேளை, மூணாவது மாடியில ஒரு ஜூனியர் கிடைச்சான். அன்னைக்குக் கிடைச்சான். தினமும் கிடைப்பானா?

அந்த அடிக்கு அப்புறம் கத்துக்கிட்டதைத்தான் இப்போ உங்க காதுல போடப் போறேன். ரத்ததான லிஸ்ட், ஏழை மாணவர்களுக்கான புத்தக வங்கி, ஊர்க் குளங்களைப் பதிவு செய்யும் திட்டம், தெருநாய் தத்தெடுப்பு... லாபம் பார்க்காம நீங்க எந்த சைட் நடத்தினாலும் இது பொருந்தும்.

டேட்டாபேஸ் நிஜமாவே வேணுமா?

ஹோஸ்டிங் தேடுறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்குங்க. வெப்சைட்டில் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, சுவரில் ஒட்டின போஸ்டர் மாதிரி. முகாம் தேதி, போட்டோ, தொடர்பு எண், அவ்வளவுதான். யார் பார்த்தாலும் அதே போஸ்டர். இதுக்கு டேட்டாபேஸே வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடங்களில் இலவசமாவே வைக்கலாம். ஆனா அங்கே பி.ஹெச்.பி-யும் ஓடாது, டேட்டாபேஸும் கிடையாது.

இன்னொண்ணு, லைப்ரரியன் மாதிரி. 'பி பாசிட்டிவ், தாம்பரம் ஏரியா, மூணு மாசமா ரத்தம் கொடுக்காதவங்க' என்று கேட்டால் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து தரணும். இதுக்குத்தான் டேட்டாபேஸ். இதுக்குத்தான் தலைவலியும்!

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கா? அப்போ தன்னார்வலர்கள் முதல்ல கையில் எடுத்தது சாதாரண ஆன்லைன் ஸ்ப்ரெட்ஷீட்டைத்தான். யாருக்குச் சாப்பாடு வேணும், யார் வீட்டில் தங்க இடம் இருக்கு என்று அதில்தான் குவிந்தது. அப்புறம்தான் வெப்சைட். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில், 'கேரளா ரெஸ்க்யூ' என்ற சைட்டை மாநில ஐ.டி. மிஷனோடு சேர்ந்து தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். அது முழுக்க டேட்டாபேஸில் ஓடினது. அதாவது, சின்னதா இருக்கும்போது ஷீட் போதும். தேடுறவங்க எண்ணிக்கை ஏறினா டேட்டாபேஸ். தேவை முதலில், டெக்னாலஜி அப்புறம்.

ரத்ததான சைட் வைக்கிறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். எந்த ரத்த வங்கியில் எவ்வளவு இருப்பு என்பதை மத்திய அரசோட 'இ-ரக்த்கோஷ்' தளமே காட்டுது. அதையே நீங்களும் செய்யாதீங்க. உங்க பலம், உங்க காலேஜ் பசங்க. அந்த லிஸ்ட்டை ஒழுங்கா வையுங்க.

ஹோஸ்டிங்னா ஹாஸ்டல் மாதிரி!

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது டார்மிட்டரி. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்கள். வாடகை கம்மி. கரன்ட் பில், வாட்ச்மேன், தண்ணி மோட்டார் எல்லாம் வார்டன் பார்த்துக்குவார். ஆனா பக்கத்து பெட்காரன் ரெண்டு மணி நேரம் குளிச்சா உங்களுக்குத் தண்ணி வராது. பக்கத்து சைட்டுக்குத் திடீர்னு கூட்டம் வந்தா உங்க சைட் மூச்சு வாங்கும்.

வி.பி.எஸ். என்பது தனி ரூம் எடுத்துத் தங்குறது. உங்க மெமரி உங்களுக்கு மட்டும். சுதந்திரம் உண்டு. ஆனா சமையல், துவைக்கிறது, பூட்டு சரிபார்க்கிறது எல்லாம் நீங்கதான். லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு... ஒண்ணை மறந்தாலும் யாராவது உள்ளே புகுந்துடுவாங்க. டீம்ல லினக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் இருந்து, அவரும் பிளேஸ்மென்ட் கிடைச்சு புனே போயிட்டா?

கிளவுட் என்பது மீட்டர் போட்ட லாட்ஜ். எவ்வளவு பயன்படுத்துறீங்களோ அவ்வளவு பில். சர்வரை ஆஃப் பண்ண மறந்தா மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். பட்ஜெட் எச்சரிக்கை வைக்காம அந்தப் பக்கம் போகாதீங்க.

என் ஓட்டு எதுக்கு? ஒரு காலேஜ் கிளப்போட சைட்டுக்கு, சில ஆயிரம் பேர் கொண்ட லிஸ்ட்டுக்கு, நல்ல ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளம். ஆயிரத்து நானூறு பேரோட பேர், வகை, ஏரியா, போன் எல்லாம் சேர்த்தாலும் உங்க போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவுகூட வராது. இடம் பிரச்னையே இல்லை. நம்பகம்தான் பிரச்னை.

அன்லிமிடெட் மீல்ஸ் ரகசியம்

'அன்லிமிடெட் ஸ்பேஸ், அன்லிமிடெட் டேட்டாபேஸ்' என்று போர்டு பார்த்ததும் வாயைப் பிளக்காதீங்க. மெஸ்ஸில் அன்லிமிடெட் மீல்ஸ்னு சொல்வாங்க. சாதம், சாம்பார் அன்லிமிடெட்தான். ஆனா அப்பளம் ஒண்ணுதான். அதே கதைதான் இங்கேயும். அப்பளம் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கணும்.

ஒண்ணு, 'ஐநோடு' கணக்கு. எத்தனை ஃபைல்கள் வைக்கலாம்னு ஒரு உச்சவரம்பு. இடம் இருந்தாலும் ஃபைல் எண்ணிக்கை தாண்டினா ஸ்டாப்.

ரெண்டு, ஒரே நேரத்தில் எத்தனை டேட்டாபேஸ் இணைப்பு. மை எஸ்.க்யூ.எல் மென்பொருள், மொத்த சர்வருக்கும் சேர்த்து இயல்பாக வைத்திருப்பதே 151தான். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு கஸ்டமருக்கு அதைவிட ரொம்பக் கம்மியாத்தான் தருவாங்க. முகாம் அன்னைக்குக் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ரிஜிஸ்டர் பண்ணினா, இணைப்பு தீர்ந்து எரர் அடிக்கிறது இதனாலதான்.

மூணு, பி.ஹெச்.பி பதிப்பு. பழைய புத்தகத்தைப் பார்த்து 'மை எஸ்.க்யூ.எல் கனெக்ட்' கட்டளை போட்டிருக்கீங்களா? 2015 டிசம்பரில் வந்த பி.ஹெச்.பி 7-லேயே அந்த ரகக் கட்டளைகளைத் தூக்கிட்டாங்க. இப்போ 'பி.டி.ஓ' அல்லது 'மை எஸ்.க்யூ.எல்.ஐ'தான். பணம் கட்டுறதுக்கு முன்னாடியே உங்க கோடு அந்த சர்வரில் ஓடுமான்னு கேட்டுடுங்க.

மாசம் 99 ரூபாய்... அப்புறம்?

இதுதான் எல்லாரும் விழுற பள்ளம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். விளம்பரத்தில் மாசம் 99 ரூபாய். சின்ன எழுத்தில் 'மூணு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால்' என்று இருக்கும். 36 மாசத்துக்கு 3,564 ரூபாய். அதுமேல 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் சுமார் 4,206. பரவாயில்லை, ஆளுக்கு நூறு போட்டா நாற்பத்திமூணு பேர் போதும்.

மூணு வருஷம் கழிச்சு ரெனியூவல். அப்போ ரேட் மாசம் 399-ன்னு வச்சுக்குங்க. 36 மாசத்துக்கு வரியோட சுமார் 16,950 ரூபாய்! நீங்க அப்போ எங்கே இருப்பீங்க? வேலையில. பில் யார் தலையில் விழும்? இன்னைக்கு ப்ளஸ் டூ படிச்சுக்கிட்டிருக்கிற, நீங்க முகமே பார்க்காத ஒரு ஜூனியர் தலையில.

அதனால விலை கேட்கும்போது 'இப்போ எவ்வளவு'னு கேட்காதீங்க. 'ரெனியூவலுக்கு எவ்வளவு'னு கேளுங்க. டொமைன் பேருக்கும் அதே கேள்வி. முதல் வருஷம் இலவசம்னு கொடுப்பாங்க, ரெண்டாவது வருஷம் பில் வரும். முதல் வருஷம் கொஞ்சம் கூட ஆனாலும், எல்லா வருஷமும் ஒரே ரேட் சொல்ற கம்பெனிதான் கிளப்புக்கு லாபம்.

ஓசியில் கிடைக்கிறது

ஓசி தப்பில்லை பாஸ். ஆனா ஓசி நிரந்தரம் இல்லை. 1990-களில் லட்சக்கணக்கானவங்க இலவசமா வீடு கட்டின ஜியோசிட்டீஸை, 1999-ல் யாஹூ வாங்கி, 2009 அக்டோபரில் இழுத்து மூடிட்டாங்க. ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்குச் செல்லமா இருந்த ஹீரோகுவோட இலவசத் திட்டம் 2022 நவம்பரில் முடிஞ்சது. பிளானெட்ஸ்கேல் என்ற டேட்டாபேஸ் சேவையின் இலவசத் திட்டம் 2024 ஏப்ரலில் காலி. இவங்க யாரும் ஏமாத்தலை. இலவசம் அவங்களுக்கு விளம்பரச் செலவு. செலவைக் குறைக்கணும்னா முதல்ல வெட்டுறது அதைத்தான்.

பாதுகாப்பும் யோசிக்கணும். 2015-ல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச ஹோஸ்டிங்கிலிருந்து ஒரு கோடியே முப்பது லட்சம் பேரோட விவரம் வெளியே கசிஞ்சது. பாஸ்வேர்டுகளை மறைகுறி எதுவும் இல்லாம அப்படியே எழுதி வச்சிருந்தாங்க!

'நாங்க சேவை அமைப்பு, எங்களுக்குச் சலுகை உண்டா?'ன்னு கேட்டா, உண்டு. ஆனா 'சேவை அமைப்பு'ங்கிறது மனசுல இருந்தா பத்தாது, பேப்பர்ல இருக்கணும். ட்ரஸ்ட்டாகவோ, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கமாகவோ, கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாபநோக்கமற்ற நிறுவனமாகவோ பதிவு செஞ்சிருக்கணும். டெக்சூப் மாதிரியான அமைப்புகள் மென்பொருள் சலுகை தர்றப்போ இந்தப் பதிவைத்தான் சரிபார்ப்பாங்க. ட்ரீம்ஹோஸ்ட் மாதிரி சில கம்பெனிகளோட இலவச ஹோஸ்டிங், அமெரிக்காவில் பதிவான சேவை அமைப்புகளுக்குத்தான். படிச்சுப் பார்க்காம சந்தோஷப்படாதீங்க. நாங்க அப்படிச் சந்தோஷப்பட்டு ட்ரீட் வரைக்கும் போயிட்டோம்!

பதிவு இல்லாத காலேஜ் கிளப்புக்கு வேற வழி? 'கிட்ஹப் ஸ்டூடன்ட் டெவலப்பர் பேக்' இருக்கு. மாணவர்னு நிரூபிச்சா பல கம்பெனிகளோட சலுகை கிடைக்கும். பட்டியல் அப்பப்போ மாறும், கால அளவும் உண்டு. கத்துக்க, சோதனை ஓட்டம் பார்க்க பெஸ்ட். ஆனா அது உங்க தனிப்பட்ட பேர்ல வர்றது. டிகிரி முடிஞ்சா அதுவும் முடிஞ்சது. அதுல கிளப்பைக் கட்டி வைக்காதீங்க.

இன்னொரு வழி உங்க காலேஜ் சர்வரே. சிஸ்டம் அட்மின் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்க. ஏ.சி.டாட்.இன் முகவரிக்குக் கீழே ஒரு இடம் கிடைச்சா, காலேஜ் பேரே ஒரு கேரன்டி. ஆனா மூணு கேள்வி கேளுங்க: வெளியிலிருந்து திறக்குமா, ஞாயித்துக்கிழமை ஓடுமா, கரன்ட் போனா யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும்? ரத்தம் லீவு நாள்லயும் தேவைப்படும் பாஸ்.

99.9-ல் ஒளிஞ்சிருக்கும் நிமிஷங்கள்

'99.9 சதவிகிதம் அப்டைம்' என்று எல்லா கம்பெனியும் மார்தட்டும். கால்குலேட்டரை எடுங்க. 99.9 என்றால் மாசத்துக்கு 43 நிமிஷம் சைட் படுத்திருக்கலாம். வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம். வெறும் 99 என்றால்? மாசத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல! பாயின்ட்டுக்கு அப்புறம் வர்ற ஒரு ஒன்பதுக்கு எவ்வளவு மதிப்புன்னு புரியுதா?

அந்த வாக்கு தவறினா என்ன தருவாங்கன்னும் படிங்க. பெரும்பாலும் மாச வாடகையில் ஒரு பங்கை அடுத்த பில்லில் கழிப்பாங்க. 99 ரூபாயில் பங்கு என்றால் ஒரு டீ, ஒரு வடை. அவ்வளவுதான்.

அதனால் வாக்கை நம்பாம நீங்களே சோதிங்க. வாங்குறதுக்கு முன்னாடி சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அவங்க சப்போர்ட்டுக்கு ஒரு சந்தேகம் அனுப்புங்க. 'டேட்டாபேஸ் பேக்கப்பை நானே எப்படி இறக்குறது?'ன்னு கேளுங்க. பதில் எப்போ வருது, அது மனுஷன் எழுதினதா, ரெடிமேட் பதிலான்னு பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லாதவங்க, வாங்கின அப்புறமா சொல்லப் போறாங்க?

சர்வர் எங்கே இருக்குங்கிறதும் முக்கியம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்கா போய் வர 28,000 கிலோமீட்டர்னு வச்சா, தூரத்துக்கே 0.14 நொடி. ஒரு பக்கம் திறக்க இந்த மாதிரி பல தடவை போய் வரணும். மும்பையில் சர்வர் இருந்தா இது பல மடங்கு குறையும். மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் டேட்டா சென்டர் திறந்த பிறகு, 'இந்திய சர்வர்'னு கேட்டு வாங்குறது சகஜமாயிடுச்சு. விலை ஒண்ணா இருந்தா இந்தியாவைத் தேர்ந்தெடுங்க.

தமிழ் எல்லாம் கேள்விக்குறியா?

'முத்துலட்சுமி'ன்னு அடிச்சுச் சேமிச்சா, '????????'னு வருதா? பயப்படாதீங்க, பேய் இல்லை. மை எஸ்.க்யூ.எல்-ஐ உருவாக்கினது ஸ்வீடன் கம்பெனி. அதனால ரொம்ப காலம் அதன் இயல்பான எழுத்துமுறை 'லத்தீன் 1', வரிசைப்படுத்துவது ஸ்வீடிஷ் முறை! அதுக்கு நம்ம 'மு'வைத் தெரியாது. 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் 'யு.டி.எஃப் 8 எம்.பி 4' இயல்பாச்சு. ஹோஸ்டிங்கில் பழைய பதிப்பு இருந்தா, டேபிள், இணைப்பு ரெண்டையும் நீங்களே இதுக்கு மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா மறுபடி கேள்விக்குறிதான்.

இன்னொரு சூட்சுமம். 'தமிழ்' என்றால் நமக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று அஞ்சு. பேர் பெட்டிக்கு பத்து எழுத்துன்னு அளவு வச்சீங்கன்னா, மீனாட்சிசுந்தரம் பாதியில் வெட்டுப்படுவார். தாராளமா நூறு வையுங்க.

பேக்கப்... பேக்கப்... பேக்கப்!

நீங்க மட்டும்தான் சொதப்புறீங்கன்னு நினைக்காதீங்க. 2017 ஜனவரி 31-ம் தேதி, கிட்லேப் என்ற பெரிய கம்பெனியில் ஒரு இன்ஜினீயர், அசதியில் தப்பான சர்வரில் கட்டளை போட்டு, ஓடிக்கிட்டிருந்த டேட்டாபேஸையே அழிச்சுட்டார். சுமார் 300 ஜி.பி.! சரி, பேக்கப் இருக்கேன்னு பார்த்தா, வச்சிருந்த அஞ்சு வழிகளில் ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யலை. தற்செயலா ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி யாரோ எடுத்து வச்ச ஒரு நகல்தான் மானத்தைக் காப்பாத்துச்சு.

2021 மார்ச் 10-ம் தேதி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.ஹெச் நிறுவனத்தோட டேட்டா சென்டர் ஒண்ணு தீயில் எரிஞ்சு போச்சு. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவங்க, ரெண்டையும் இழந்தாங்க. 'ஹோஸ்டிங் கம்பெனி தினமும் பேக்கப் எடுக்குதே'ன்னு சொல்றவங்க இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு: 3-2-1. மூணு நகல், ரெண்டு வேற வேற வகையான இடம், அதுல ஒண்ணு ஊருக்கு வெளியே. உங்க அளவுக்கு எளிமையா சொன்னா, பி.ஹெச்.பி மை அட்மினில் 'எக்ஸ்போர்ட்' பட்டனை வாரம் ஒரு தடவை அழுத்துங்க. வர்ற ஃபைலைப் பாஸ்வேர்டு போட்டு, ஒண்ணை கிளப் மெயிலின் டிரைவில் ஏத்துங்க, இன்னொண்ணை ஆசிரியர் ஒருங்கிணைப்பாளரோட கம்ப்யூட்டரில் வையுங்க. கொஞ்சம் கில்லாடிகள் 'கிரான்' மூலமா இதைத் தானாகவே நடக்க வைக்கலாம்.

முக்கியமான மேட்டர் இதுக்கு அப்புறம்தான். செமஸ்டருக்கு ஒரு தடவை அந்த ஃபைலை உங்க லேப்டாப்பில் ஏத்தி, சைட் எழுந்து நிக்குதான்னு பாருங்க. திறந்தே பார்க்காத பேக்கப், திறந்தே பார்க்காத பாடப்புத்தகம் மாதிரி. எக்ஸாம் அன்னைக்குத்தான் உண்மை தெரியும்.

நம்பிக் கொடுத்த நம்பர்

ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு தன்னோட போன் நம்பரை உங்க ஃபாரத்தில் எழுதித் தர்றா. எதுக்கு? யாரோ ஒருத்தர் உயிர் பிழைக்கட்டும்னு. அந்த நம்பரை யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி சைட்டில் போட்டா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'ஹாய் டியர்' மெசேஜ்தான் வரும். அடுத்த வருஷம் ஒரு பொண்ணும் பேர் கொடுக்க மாட்டாங்க. கொடுக்கவும் கூடாது.

அதனால நம்பரை வெளியே காட்டாதீங்க. தேவைப்படுறவர் கோரிக்கை அனுப்பட்டும். பொறுப்பில் இருக்கிறவர் பார்த்து, டோனரிடம் பேசி, சம்மதம் வாங்கி இணைக்கட்டும். 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட சாரமும் இதுதான்: சம்மதம் வாங்கு, சொன்ன காரணத்துக்கு மட்டும் பயன்படுத்து, வேண்டாம்னு சொன்னா அழிச்சுடு. சைட்டுக்கு எஸ்.எஸ்.எல் பூட்டு கட்டாயம். 'லெட்ஸ் என்க்ரிப்ட்' 2015 முதல் இதை இலவசமாத் தருது. அதுக்குத் தனியா காசு கேட்கிற ஹோஸ்டிங் என்றால், நைசா நழுவிடுங்க.

கடைசியா ரத்தம் கொடுத்த தேதியையும் சேமிங்க. ஆண்கள் மூணு மாசம், பெண்கள் நாலு மாசம் இடைவெளி விடணும். வயசு 18-க்கு மேல இருக்கணும். இந்தக் கணக்கை டேட்டாபேஸே போட்டு, இன்னைக்குக் கொடுக்க முடிஞ்சவங்களை மட்டும் காட்டணும். போன வாரம் கொடுத்தவருக்கே ராத்திரியில் போன் போட்டா, அவரும் பாவம், ஆஸ்பத்திரியில் நிக்கிறவரும் பாவம்.

சாவி யார்கிட்ட?

பணமில்லாம செத்த சைட்டைவிட, பாஸ்வேர்டு தெரியாம செத்த சைட்தான் ஜாஸ்தி. டொமைன் ஒரு சீனியர் அண்ணன் பேர்ல இருக்கும். ரெனியூவல் மெயில் அவரோட பழைய மெயில் ஐ.டி-க்குப் போகும். அவர் துபாயில் பிஸி. ஒரு நாள் டொமைன் காலாவதி. வேற யாரோ வாங்கி அதுல சூதாட்ட விளம்பரம் போடுவாங்க. உங்க கிளப் பேர்ல!

அதனால டொமைன், ஹோஸ்டிங் எல்லாமே கிளப்போட பொது மெயிலில் இருக்கட்டும். மாணவர் ஒருத்தர், ஆசிரியர் ஒருத்தர், ரெண்டு பேரிடம் சாவி. ரெனியூவல் தேதியை டிபார்ட்மென்ட் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்க. பொறுப்பு கைமாறும் நாளில், பாஸ்வேர்டை மாத்திட்டு, ரெண்டு பக்கத்துக்கு 'எப்படி நடத்துறது'ன்னு எழுதிக் கொடுங்க. ரெக்கார்ட் நோட்டை விட ஒழுங்கா எழுதுங்க ப்ளீஸ்!

நாங்க என்ன பண்ணினோம்னு கேட்கிறீங்களா? அந்த ரெஜிஸ்டர் நோட்டை எடுத்துக்கிட்டு, காணாமப் போன எண்ணூறு பேரைத் தேடி மறுபடி கிளாஸ் கிளாஸா ஏறினோம். 'ஏற்கெனவே கொடுத்தோமே அண்ணா'ன்னு கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு 'தொலைச்சுட்டோம்மா'ன்னு உண்மையைச் சொன்னோம். பாதிப் பேர் சிரிச்சுக்கிட்டே மறுபடி எழுதிக் கொடுத்தாங்க. ஆளுக்கு நூறு போட்டு ஒரு சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் வாங்கினோம். டிசைன் ரொம்ப சுமார்தான். ஆனா வெள்ளிக்கிழமை தவறாம பேக்கப்.

காலேஜை விட்டு வந்து வருஷங்கள் ஆச்சு. போன மாசம் ஒரு ஜூனியர் போன் பண்ணினான். அவன் காலேஜில் சேர்ந்ததே நாங்க போய் ரொம்ப நாள் கழிச்சு. 'அண்ணா, ஹோஸ்டிங் மாத்தினோம். உங்க ரெண்டு பக்க நோட்டைப் பார்த்துதான் பண்ணினோம். ஒரு பேர்கூட போகலை'ன்னான். முகம் தெரியாத தம்பி. செம சந்தோஷமா இருந்தது.

சரி, நீங்க இப்போ முதல்ல ஒண்ணு பண்ணுங்க. உங்க கிளப் சைட்டோட கடைசி பேக்கப் எப்போ எடுத்தீங்க? யோசிக்கிறீங்களா? அப்போ மீதியை அப்புறம் பேசுவோம். போய் அந்த எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திட்டு வாங்க!